பள்ளி நூலகர் சங்கத்தில் புதியவர்கள் சேர என்ன செய்யலாம்?

கேள்வி இது: தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத்தில் பள்ளி நூலகர்களுக்கென்று பதிவு செய்த சங்கம் ஒன்று இருக்கிறது. உறுப்பினர்கள் எழுபது பேருக்குள். அதில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். ஆண்டுப் பொதுக்குழுவுக்கு இருபது பேர் வந்தால் பெரிது. சந்தாவைக் குறைத்தும் ஆள் சேரவில்லை. என்ன செய்யலாம்?

முதலில் சந்தாவை மறந்துவிடுங்கள். ஆண்டுக்கு முந்நூறு ரூபாய் என்பதற்காகச் சேராமல் இருப்பவர்கள் மிகக் குறைவு. சங்கத்தில் சேர்ந்தால் திங்கட்கிழமை காலை தன் நூலகத்தில் என்ன மாறும் என்று தெரியாததால்தான் பெரும்பாலோர் சேர்வதில்லை.

ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு ஆசிரியர்கள் நான்கைந்து பேர் இருப்பார்கள். ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து மேசையில் கேட்டுக்கொள்ளலாம். நூலகர் ஒருவர்தான். அவர் வேலை என்னவென்று முதல்வருக்கும் முழுதாகத் தெரியாது. ஆசிரியர் யாராவது லீவு என்றால் நூலகரைத்தான் சப்ஸ்டிடியூஷனுக்கு அனுப்புவார்கள். புத்தகம் தொலைந்தால் கணக்குக் கேட்பதும் அவரிடம்தான். இந்தத் தனிமையில் இருப்பவருக்கு அவர் பள்ளிக்குள் யாராலும் செய்ய முடியாத ஓர் உதவியைச் சங்கம் செய்தால் அவர் வருவார், தங்குவார். உறுப்பினர் சேர்க்கை முழுவதையும் இந்த ஒரு எண்ணத்திலிருந்து கட்டுங்கள்.

அப்படிப்பட்ட உதவிகளில் முதலிடம் ஏப்ரல் மாத ஸ்டாக் வெரிஃபிகேஷனுக்கு, அதாவது புத்தக இருப்பைச் சரிபார்க்கும் வேலைக்கு. தனியார் பள்ளி நூலகர்களை இதைவிட அதிகமாகப் பயமுறுத்தும் விஷயம் வேறில்லை. எட்டாயிரம் புத்தகம், ஒரே ஆள், பத்து நாள் கெடு, முடிவில் "நாற்பது புத்தகம் குறைகிறதே, சம்பளத்தில் பிடிக்கட்டுமா?" என்ற கேள்வி. இதற்கு எழுத்தில் பதில் இருக்கிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 215-ஐப் பாருங்கள். இருபதாயிரம் புத்தகம் வரை உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு. இருபதாயிரத்துக்கு மேல் ஐம்பதாயிரம் வரை என்றால் மூன்று ஆண்டுக்கு ஒரு முறையாவது. அதற்கும் மேல் என்றால் மூன்றாண்டுக்குள் ஒரு முறை, சில புத்தகங்களை மட்டும் எடுத்துப் பார்க்கும் மாதிரிச் சரிபார்ப்பு. ஓர் ஆண்டில் வாசகருக்கு வழங்கிய, அல்லது அவர்கள் எடுத்துப் பார்த்த ஆயிரம் புத்தகத்துக்கு ஐந்து வீதம் இழப்பு இருந்தால் அதை இயல்பானதாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது நேர்மையின்மையாலோ கவனக்குறைவாலோ நேர்ந்ததாக இருக்கக்கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகமும், விலை எதுவானாலும் அரிய நூலும் காணாமல் போனால் விசாரித்தே ஆக வேண்டும்.

கணக்காகப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆண்டில் 6,400 முறை புத்தகம் வெளியே போயிருக்கிறது என்றால் 32 புத்தக இழப்பு அந்த வரம்புக்குள் வரும். அலமாரியைப் பூட்டியே வைத்திருந்தால் இழப்பு பூஜ்யம்தான், வாசிப்பும் பூஜ்யம். இந்த விதி தனியார் பள்ளியைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. இருந்தாலும் அரசு ஏற்றுக்கொண்ட ஓர் அளவு தாளில் இருக்கும்போது முதல்வரிடம் பேசும் பேச்சே வேறு மாதிரி போகும். சங்கம் இதை ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பாக எழுதி, கீழே "இந்த ஆண்டு வழங்கிய எண்ணிக்கை, இழப்பு எண்ணிக்கை, ஆயிரத்துக்கு எத்தனை" என்று மூன்று கட்டம் விட்டு அச்சடிக்கட்டும். அந்த ஒரு தாள் உங்கள் சங்கத்தின் எல்லா நோட்டீசையும் விட அதிகம் பேரைக் கொண்டுவரும்.

அத்துடன் ஆள் உதவியும் சேர்த்துக் கொடுங்கள். அக்ஸஷன் எண்களை (பதிவேட்டில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் உள்ள வரிசை எண்) ஒன்று முதல் கடைசி வரை தாளுக்கு 500 வீதம் அச்சடித்துக்கொண்டு, ஒருவர் அலமாரியிலிருந்து எண்ணைப் படிக்க மற்றவர் அடித்துக்கொண்டே போனால், ஒரு ஜோடி மணிக்கு இருநூறு புத்தகம் போல முடிக்கலாம். எட்டாயிரம் புத்தகத்துக்கு நாற்பது மணி நேரம். இரண்டு ஜோடி இருந்தால் மூன்று நான்கு நாள். பக்கத்துப் பள்ளி நூலகர்கள் மூவர் ஒருவருக்கொருவர் ஆளுக்கு ஒரு நாள் உதவிக்கொள்ளும் ஏற்பாட்டைச் சங்கம் செய்து தந்தால் அந்த மூவரும் பிறகு சங்கத்தை விடமாட்டார்கள். வெளியாள் உள்ளே வர முதல்வரின் அனுமதி வேண்டும். அதற்கான கடிதத்தையும் சங்கமே லெட்டர்ஹெட்டில் தர வேண்டும்.

இனி, யாரை அழைப்பது? பெரும்பாலான சங்கங்கள் இந்த இடத்தில் தெரிந்த முகங்களையே சுற்றி வருகின்றன. மாவட்டத்தில் எத்தனை பள்ளி என்ற பட்டியலே அவர்களிடம் இருக்காது. சி.பி.எஸ்.இ. இணைப்புப் பெற்ற பள்ளிகளின் பட்டியல் வாரியத்தின் இணையதளத்திலேயே மாவட்ட வாரியாகக் கிடைக்கும். மெட்ரிக் பள்ளிப் பட்டியலை மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம். இரண்டையும் ஒரே எக்ஸலில் போட்டு, பள்ளி, ஊர், நூலகர் பெயர், சொந்தக் கைபேசி எண், யார் பேசுவது, கடைசியாகப் பேசிய தேதி என்று ஆறு பத்தி வையுங்கள். பள்ளியின் பொது எண்ணும் பள்ளி மின்னஞ்சலும் மட்டும் இருந்தால் அந்த வரி காலி என்றே கொள்ளுங்கள். அந்த மின்னஞ்சல் பள்ளி அலுவலகத்தைத் தாண்டி நூலகத்துக்குப் போகாது. நூலகர் பள்ளி மாறினால் தொடர்பும் போய்விடும். தனியார் பள்ளிகளில் மாற்றம் மே மாதத்தில்தான் நடக்கும் என்பதால் ஜூன் மூன்றாம் வாரத்தில் பட்டியலை ஒருமுறை முழுதாகச் சரிபார்க்க வேண்டும்.

ஓர் உறுப்பினருக்கு இரண்டு பள்ளி, அதுவும் அவர் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் இருப்பவை. இதற்கு மேல் கொடுத்தால் செய்யமாட்டார்கள். பேசும் நேரம் மதியம் மூன்றேகாலுக்கு மேல். காலையில் பிரேயர், பிறகு வகுப்புகளின் லைப்ரரி பீரியட், மதியம் சாப்பாட்டு வேளையில் மாணவர் கூட்டம் என்று எடுக்கவே முடியாது. முதல் செய்தியில் விண்ணப்பப் படிவத்தை இணைக்காதீர்கள். இப்படி இருக்கலாம்:

"வணக்கம் மேடம். நான் பக்கத்துப் பள்ளியில் நூலகராக இருக்கிறேன். ஏப்ரலில் ஸ்டாக் எடுக்க நாங்கள் வைத்திருக்கும் எண் தாளும், தொலைந்த புத்தகம் பற்றி முதல்வருக்குக் கொடுக்கும் குறிப்பும் இருக்கிறது. வேண்டுமென்றால் அனுப்புகிறேன். வரும் சனிக்கிழமை பத்து மணிக்கு எங்கள் நூலகத்தில் செய்து காட்டுகிறோம். ஒரு மணிக்கு முடிந்துவிடும். நீங்கள் வந்தால் மகிழ்ச்சி."

சங்கம் என்ற சொல்லே இதில் வரவில்லை, கவனியுங்கள். அதற்குக் காரணம் உண்டு. தனியார் பள்ளித் தாளாளர்கள் பலருக்குச் சங்கம் என்றதும் சம்பளக் கோரிக்கையும் போராட்டமும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பயம் நூலகருக்கும் தெரியும். "சேரலாம்தான், கரஸ்பாண்டெண்ட்டுக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ" என்பது நேரில் யாரும் சொல்லாத, ஆனால் பல படிவங்களை மேசைக்குள்ளேயே நிறுத்திவைக்கும் காரணம். நூலகரைத் தைரியப்படுத்துவதால் இது தீராது. சங்கத் தலைவர் முதல்வருக்கு நேரடியாக ஒரு கடிதம் எழுத வேண்டும். சங்கத்தின் பதிவு எண், நோக்கம் தொழிற்பயிற்சி என்பது, ஆண்டுக்கு எத்தனை பயிற்சி, அதில் உங்கள் பள்ளி நூலகர் என்ன கற்றுவருவார், சான்றிதழ் உண்டு, வேலைநாள் என்றால் ஓ.டி. (விடுப்பில் சேராத ஆன் டியூட்டி அனுமதி) தந்து அனுப்புங்கள் என்ற ஆறு விஷயம் ஒரே பக்கத்தில்.

அப்படியானால் சம்பளம், வேலைச்சுமை பற்றிச் சங்கம் பேசவே கூடாதா? பேச வேண்டும். கோரிக்கை மனுவாக எழுதிச் சாதிப்பது கடினம் என்பதால் நூலகரின் பணி விவரம் என்று ஒரு மாதிரி ஆவணம் தயாரிப்பது நல்ல வழி. வாரத்தில் எத்தனை லைப்ரரி பீரியட், புத்தகம் பதிவு செய்ய எத்தனை மணி நேரம், சப்ஸ்டிடியூஷன் அதிகபட்சம் எத்தனை என்று அதில் இருக்கட்டும். உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லா 2015-இல் வெளியிட்ட பள்ளி நூலக வழிகாட்டி நெறிகளில் பள்ளி நூலகரின் பணிகள் விரிவாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. அதை அடிப்படையாக வைத்தால் முதல்வர்கள் படித்துப் பார்ப்பார்கள்.

கூட்டத்தின் வடிவத்தை மாற்றாமல் வேறு எதை மாற்றியும் பயனில்லை. ஹோட்டல் ஹாலில் மேடை போட்டு, வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு என்று முதல் ஒன்றரை மணி நேரம் போய்விட்டால், முதல் முறை வந்தவர் இரண்டாம் முறை வரமாட்டார். சிறப்பு விருந்தினராகப் பல்கலைக்கழக நூலகரைக் கூப்பிட்டு மின் இதழ்கள், ஆய்வுக் கட்டுரைகளின் மேற்கோள் கணக்கு பற்றிப் பேசவைப்பதும் இப்படித்தான். நல்ல உரையாகவே இருக்கும். ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர் நாற்பது நிமிடத்தில் புத்தகம் மாற்றிக்கொண்டு போவதை எப்படிச் சமாளிப்பது என்று தெரிந்துகொள்ள வந்தவருக்கு அதில் ஒன்றுமில்லை.

கூட்டத்தை உறுப்பினர்களின் நூலகங்களிலேயே மாற்றி மாற்றி நடத்துங்கள். சனிக்கிழமை பத்து முதல் ஒன்று வரை. தனியார் பள்ளி நூலகர்களில் பெண்கள் அதிகம். ஞாயிற்றுக்கிழமையும் மாலை நேரமும் அவர்களுக்குச் சரிப்படாது. பேருந்து நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள பள்ளியாக இருக்க வேண்டும். முதல் முக்கால் மணி நேரம் அலமாரிகளைச் சுற்றிப் பார்ப்பது. எப்படி அடுக்கியிருக்கிறார்கள், லேபிள் எங்கே ஒட்டுகிறார்கள், கிழிந்த புத்தகத்தை என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதிலேயே எல்லோரும் பேச ஆரம்பித்துவிடுவார்கள். பிறகு ஒரே ஒரு கைவேலை, எல்லோரும் செய்து பார்ப்பதாக.

எந்தக் கைவேலை? இரண்டு சொல்கிறேன். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு வகைப்படுத்தும் டியூவி முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811, கதையும் நாவலும் 894.8113. பள்ளி நூலகத்தில் தமிழ்க் கதைப் புத்தகம் ஆயிரம் இருந்தால் ஆயிரத்துக்கும் அதே எண்தான் வரும். எண்ணை மட்டும் ஒட்டினால் குழந்தை எதையும் தேட முடியாது. அதனால் எண்ணுக்குக் கீழே ஆசிரியர் பெயரின் முதல் இரண்டு எழுத்து, அதற்கு மேல் வயதுக்கு ஒரு வண்ணப் பட்டை என்று பிரிக்க வேண்டும். ஒரு சனிக்கிழமைக்கு இது நல்ல பாடம். வந்தவர் அடுத்த வாரமே தன் அலமாரியில் செய்துவிட முடியும்.

இரண்டாவது கணினிமயம். கோஹா என்ற நூலக மென்பொருள் இலவசம். தேசியத் தகவலியல் மையத்தின் இ-கிரந்தாலயாவும் இருக்கிறது. ஆனாலும் பள்ளிகளில் பாதியில் நிற்கிறது. கோஹாவை லினக்ஸில் நிறுவ வேண்டும், பள்ளிக் கணினிகளோ விண்டோஸ். நிறுவித் தர ஆள் இல்லை. இன்னொரு தடை பலருக்குக் கடைசியில்தான் தெரியவரும்: பழைய எக்ஸல் பட்டியலில் தமிழ்த் தலைப்புகளைப் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள். அதை அப்படியே ஏற்றினால் திரையில் குப்பையாகத் தெரியும், தேடினாலும் கிடைக்காது. முதலில் யூனிகோடுக்கு மாற்றி, நூறு வரியைக் கண்ணால் சரிபார்த்து, பிறகுதான் ஏற்ற வேண்டும். மாவட்டத்தில் கோஹா தெரிந்த இரண்டு பேரைச் சங்கம் அடையாளம் கண்டு, ஆண்டுக்கு ஆறு பள்ளிக்கு நிறுவித் தருவதாக அறிவித்தால், வரிசையில் நிற்பதற்காகவே உறுப்பினர் ஆவார்கள். போக்குவரத்துச் செலவைப் பள்ளியிடம் வாங்கிக்கொள்ளலாம்.

அரசுப் பள்ளிகளின் நிலை தனி. பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் நூலகர் என்று தனி ஆள் இல்லை. ஓர் ஆசிரியர் தன் பாடத்தோடு நூலகப் பொறுப்பையும் பார்க்கிறார். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளியின் நிலைக்கேற்ப ரூ.5,000 முதல் ரூ.20,000 வரை நூலக மானியம் உண்டு. ஊஞ்சல், தேன்சிட்டு என்ற சிறார் இதழ்களும் வாசிப்பு இயக்கப் புத்தகங்களும் வருகின்றன. அவருக்கு வேண்டியது கோஹா அல்ல. பீரோவில் இருக்கும் புத்தகத்தை வகுப்பறைக்குக் கொண்டுபோக ஒரு எளிய முறை, பதிவேட்டை மாணவர்களே எழுதும் ஏற்பாடு, எந்த வயதுக்கு எந்தப் புத்தகம் என்ற பட்டியல், இவ்வளவுதான். அவர்களைத் தனியார் பள்ளி நூலகர்களோடு ஒரே அமர்வில் உட்காரவைத்தால் இருவருக்கும் பாதி நேரம் வீண். தனி அமர்வு வையுங்கள்.

பல சங்கங்களின் துணைவிதியில் உறுப்பினராக நூலகவியல் பட்டம் அல்லது சான்றிதழ் கட்டாயம் என்று இருக்கும். அப்படியானால் பொறுப்பாசிரியர் சேரவே முடியாது. பி.எல்.ஐ.எஸ். என்ற நூலகவியல் பட்டப்படிப்பு படிக்கும் மாணவரும் சேர முடியாது. வாக்குரிமை இல்லாத இணை உறுப்பினர் என்ற பிரிவைச் சேர்க்கத் துணைவிதியைத் திருத்துங்கள். பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் போட்டு மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதால் இதற்குச் சில மாதம் பிடிக்கும், இந்த ஆண்டே தொடங்குங்கள். பதிப்பாளர்களையும் புத்தக விற்பனையாளர்களையும் இந்தப் பிரிவில்கூடச் சேர்க்காதீர்கள். கூட்டத்தில் மேசை போட்டு விற்கட்டும், அதற்குக் கட்டணம் கட்டட்டும். உறுப்பினர்களின் கைபேசி எண்களை மட்டும் அவர்களுக்குத் தரவே கூடாது. ஒருமுறை கொடுத்துவிட்டால், தினமும் வரும் விற்பனை அழைப்புக்குச் சங்கம்தான் காரணம் என்று உறுப்பினர்கள் சரியாகவே கண்டுபிடிப்பார்கள்.

பணத்துக்கு வருவோம். நம் ஊர்ச் சங்கங்களை வற்றவைப்பது ஆயுள் சந்தா. அறுபது பேரிடம் தலா ரூ.2,000 வாங்கினால் கையில் ரூ.1,20,000. அதை வைப்புத்தொகையில் போட்டு ஏழு சதவீத வட்டி வந்தால் ஆண்டுக்கு ரூ.8,400, அதாவது ஆளுக்கு 140 ரூபாய். அந்த ஆளுக்கு ஆண்டு முழுக்கத் தபால், அச்சு, தேநீர் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். பெரும்பாலும் வைப்புத்தொகையிலும் போடாமல் இரண்டு மாநாட்டில் செலவழித்துவிடுவார்கள். அதைவிடப் பெரிய கேடு, ஆயுள் உறுப்பினரிடம் மறுபடி எதையும் கேட்கத் தேவையில்லாததால் அவரோடு பேச்சே நின்றுவிடுகிறது. புதிதாக ஆயுள் சந்தா வாங்குவதை நிறுத்துங்கள். இருப்பதன் அசலைத் தொடாதீர்கள்.

ஆண்டுச் சந்தா ரூ.300, மாணவருக்கு ரூ.100, பள்ளியின் பெயரில் நிறுவன உறுப்பினர் ரூ.1,500 என்பது பெரும்பாலான மாவட்டங்களுக்குப் பொருந்தும். நிறுவன உறுப்பினர் முறைக்கு நான் முதலிடம் தருவேன். ரசீது கொடுத்தால் பள்ளிக்கு அது ஒரு சாதாரணச் செலவு. நூலகர் மாறினாலும் அடுத்து வருபவர் தானாகவே உங்கள் பட்டியலுக்குள் வந்துவிடுவார். முதல்வரே கையெழுத்திட்டுப் பணம் கட்டியபின் ஓ.டி. கேட்பதும் எளிது. பள்ளிக்கு ஒரு வாக்கு என்று விதியில் எழுதிவிடுங்கள்.

சந்தா வாங்கும் மாதமும் முக்கியம். ஏப்ரலில் கேட்கும் சங்கங்கள் உண்டு. சில தனியார் பள்ளிகளில் கோடை மாதச் சம்பளம் முழுதாக வராது. ஜூனில் சொந்தப் பிள்ளைகளின் ஃபீஸ். ஜூலை பத்தாம் தேதிக்கு மேல் தொடங்கி, எஸ்.ஆர். ரங்கநாதனின் பிறந்த நாளான ஆகஸ்ட் 12, தேசிய நூலகர் தினத்தன்று முடியுங்கள். அன்றைக்குப் பள்ளியில் நூலகரைப் பற்றி நான்கு வார்த்தை பேசும் வாய்ப்பு இருக்கிறது. பிரேயரில் படிக்க ஒரு பக்க உரையையும் ஒட்டுவதற்கு ஒரு சுவரொட்டியையும் ஜூலையிலேயே எல்லாப் பள்ளிக்கும் அனுப்பிவிடுங்கள், உறுப்பினர் இல்லாத பள்ளிகளுக்கும் சேர்த்து. பணத்தைச் சங்கத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கின் கியூ.ஆர். வழியாக மட்டும் வாங்க வேண்டும். பொருளாளரின் சொந்த ஜிபே எண்ணைக் கொடுத்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், புதியவருக்கு உறுத்தும். ரசீது அன்றே போக வேண்டும்.

சேர்ந்தபின் முதல் மூன்று மாதத்தில்தான் பெரும்பாலான சங்கங்கள் ஆளை இழக்கின்றன. பதினைந்து பேர் சேர்ந்து, பதினெட்டுப் பேர் புதுப்பிக்காமல் போனால், எவ்வளவு ஓடினாலும் எண்ணிக்கை ஏறாது. சேர்ந்த இரண்டு நாளுக்குள் நிர்வாகி ஒருவர் தொலைபேசியில் பேசி, "இப்போது உங்கள் நூலகத்தில் எது தலைவலி?" என்று ஒரே கேள்வி கேட்கட்டும். பதிலை அந்த எக்ஸலில் எழுதி, அதே தலைவலியைத் தீர்த்த இன்னொரு நூலகரோடு இணைத்துவிடுங்கள். இரண்டாம் மாதத்துக்குள் ஒரு சிறிய வேலை கொடுங்கள்: வருகைப் பதிவு, படம் எடுப்பது, தன் பள்ளியில் பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் பத்துப் புத்தகத்தின் பட்டியல். வேலை செய்தவர் விலகுவது அபூர்வம்.

வாட்ஸப் குழுவுக்கு இரண்டே விதி போதும். காலை வணக்கமும் பண்டிகை வாழ்த்தும் கூடாது. கேள்விக்கு அன்று மாலைக்குள் யாராவது பதில் சொல்ல வேண்டும், அதற்கு வாரத்துக்கு ஒரு நிர்வாகி பொறுப்பு. கேட்காமலே நூறு பேரை ஒரே நாளில் குழுவில் சேர்க்காதீர்கள். பாதிப் பேர் அன்றைக்கே வெளியேறுவார்கள், மீதிப் பேர் சத்தத்தை அணைத்துவிடுவார்கள்.

நிர்வாகக் குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டைத் தாண்டக்கூடாது. திரும்பத் தேர்ந்தெடுக்கத் தடையில்லை என்பதால் அதே பெயர்கள் பத்துப் பதினைந்து ஆண்டு இருக்கும். முப்பது வயதுக்காரர் மேடையைப் பார்த்து, தன் வேலையை இப்போது செய்துகொண்டிருப்பவர் அங்கே ஒருவரும் இல்லை என்று உணர்ந்தால் சேரமாட்டார். குழுவில் பாதியாவது பணியில் உள்ள பள்ளி நூலகர்களாக இருக்கட்டும். ஓய்வு பெற்றவர்களிடம் நேரமும் அனுபவமும் இருக்கின்றன; பள்ளிக்குப் பள்ளி போய் முதல்வரைப் பார்ப்பது, ஸ்டாக் எடுக்க உதவுவது இரண்டையும் அவர்களைவிட நன்றாகச் செய்ய ஆள் இல்லை. ஆண்டுக் கணக்கும் குழுப் பட்டியலும் பதிவாளரிடம் நிலுவை இல்லாமல் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் வங்கியில் கையெழுத்தை மாற்றும்போதே எல்லாம் நின்றுவிடும்.

பிப்ரவரி, மார்ச்சில் தேர்வு வேலை. அந்த இரண்டு மாதம் கூட்டம் வைக்காமல், புதுப்பிக்காதவர்களுக்கு மட்டும் போன் செய்யுங்கள். பள்ளி மாறினாரா, வேலையை விட்டாரா, கூட்டத்தில் பயனில்லையா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டறிக்கையில் மொத்த எண்ணிக்கையை மட்டும் போடாமல், மாவட்டத்தில் உள்ள பள்ளிகளில் எத்தனையில் உறுப்பினர் இருக்கிறார், கடந்த ஆண்டு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் புதுப்பித்தார்கள், ஒரு கூட்டத்துக்காவது வந்தவர்கள் எத்தனை பேர் என்ற மூன்றையும் போடுங்கள். இரண்டாவது எண் பாதிக்குக் கீழே இருந்தால் புதிய ஆள் தேடுவதை ஓர் ஆண்டு நிறுத்திவைத்துவிட்டு, கூட்டங்களைச் சரிசெய்யுங்கள்.